ஏழரை சொன்ன எட்டுக் குறைகள்

இசைக்குழுவில் எல்லோரும் அவளை ‘அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த டிரம்ஸ்காரருக்கும் அவள் அக்காதான். ஒலி விஷயத்தில் அவள் சொன்னதே சட்டம் என்பதால் வந்த மரியாதை அது. நாமும் அப்படியே சொல்லிக்கொள்வோம்.

பகலில் அக்காவுக்கு ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை. லிஃப்டுக்குள் ‘கதவு மூடுகிறது’ என்று சொல்லும் குரல், போன் செய்தவரைக் ‘காத்திருக்கவும்’ என்று சொல்லியே கிழவனாக்கும் குரல், சோப்பு விளம்பரத்தில் சிரிக்கும் குரல், இவையெல்லாம் அவள் கை பட்டுத்தான் வெளியே போகும். பேசுகிறவர் எச்சில் விழுங்குவதை வெட்டுவாள். நாற்காலி முனகுவதைத் துடைப்பாள். “உனக்குப் பாம்புக் காதும்மா” என்று முதலாளி சொல்லும்போது அடுத்த வேலையை இழுத்துக்கொள்வாள். ஆனால் அன்று முழுக்க மனம் குளிர்ந்து கிடக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ‘எட்டாம் மாடி’யின் ஆள். லிஃப்ட் வேலை செய்யாத ஒரு கட்டடத்தின் எட்டாம் மாடியில் பயிற்சி செய்ததால் அந்த ராக் குழுவுக்கு அந்தப் பெயர். அவர்கள் வாசிப்பது ப்ராக் ராக். ஒரு பாட்டு இருபது நிமிடம் ஓடும். நாலு நாலாக எண்ணித் தலையாட்டிக்கொண்டிருப்பவன் சட்டென்று ஏழு எண்ண வேண்டியிருக்கும். அவன் ஏழுக்குப் பழகுவதற்குள் பதினொன்று வந்துவிடும். அக்காவின் கணவர் ஒருமுறை ஒத்திகைக்குப் போய்விட்டு வந்து சொன்னார்: “பாட்டு எப்ப ஆரம்பிக்கும்னு பக்கத்துல இருந்தவரைக் கேட்டேன். முடிஞ்சு போச்சுன்னாரு.”

குழுவின் தலைவர் கிட்டார் வாசிப்பவர். பள்ளியில் கணக்கு வாத்தியார் என்பதால் குழுவிலும் அவர் பெயர் வாத்தியார்தான். இவர்களுக்கு ரசிகர்கள் குறைவு. ஆனால் ஒவ்வொருவரும் ஒன்பது பேருக்குப் பேசுவார்கள். இணையத்தில் ரசிகர் பக்கம் ஒன்று வைத்துக்கொண்டு, எந்தப் பாட்டில் எந்த இடத்தில் டிரம்ஸ் ஒரு தட்டு குறைந்தது என்று சண்டை போடுவார்கள். அந்தப் பக்கத்தை நடத்துகிறவரும் வாத்தியார்தான்.

அந்த வருடம் பழைய சினிமா அரங்கு ஒன்றில் கச்சேரி நடத்தி, அதை நேரடிப் பதிவாக வெளியிட்டார்கள். பதிவு செய்தவள் அக்கா. பிறகு இரண்டு மாதம் உட்கார்ந்து எந்த வாத்தியம் எவ்வளவு கேட்க வேண்டும், எந்தப் பக்கத்தில் கேட்க வேண்டும் என்று மிக்ஸிங் செய்தவளும் அவளே. ஒலிப்பதிவுக் கூடத்தில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. வீட்டின் பின்னறையில்தான் வேலை. முன்னறை கணவரின் பட்டறை. அவர் சோபாவுக்கு உறை தைப்பவர். நுரை மெத்தையும் ரெக்ஸின் சுருள்களும் கூரை வரை நிற்கும். ஸ்டேப்லர் துப்பாக்கி டப் டப் என்று வெடித்துக்கொண்டிருக்கும். நடு அறையில் மாமனாரின் தொலைக்காட்சி. மாமனாருக்குக் காது மந்தம். வாங்கிக் கொடுத்த காதுக் கருவி மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரமாகத் தூங்க, தொலைக்காட்சி தெருவுக்கே செய்தி சொல்லும். இத்தனைக்கும் நடுவில் ஸ்பீக்கரில் கேட்டு வேலை செய்ய முடியுமா? அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்வாள்.

பதிவு வெளியான அன்று அவளால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. பஸ்ஸில் நின்றபடி போனைப் பார்த்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை மாமனார்தான் பார்த்துச் சொன்னார். கருத்துகள் வர ஆரம்பித்தன. “அரங்குல மூணாவது வரிசைல உக்காந்த மாதிரியே இருக்கு.” “கீபோர்டு தனியா வர்ற இடத்துல அழுதுட்டேன். பஸ்ல. பக்கத்து சீட்டுக்காரர் தண்ணி குடுத்தார்.” “இரண்டாவது பாட்டு ஸ்டுடியோ பதிவைவிட இதுல நல்லா மூச்சு விடுது.” அக்கா ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்தாள். அடுத்தது வருவதற்குள் பழையதை மூன்றாம் முறையும் படித்தாள்.

பிறகு ஏழரை எழுதினார்.

அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ஏழும் அரையும் சேர்ந்த தாளக் கணக்கு வரும் இடங்களில்தான் உண்மையான இசை இருக்கிறது என்று சாதிப்பவர் என்பதால் இவர் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பெயர் ஏழரை. போகிற இடமெல்லாம் ஏழரையைக் கூட்டுவதில் கெட்டிக்காரர் என்பதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. நேரடிப் பதிவைப் பற்றி அவர் நீளமாக ஒரு கட்டுரை எழுதி, எட்டுக் குறைகளை வரிசையாக அடுக்கியிருந்தார். பேஸ் கிட்டார் இரண்டாவது பாட்டில் தாமதமாக நுழைகிறது. கைதட்டலை அவசரமாக வெட்டிவிட்டார்கள். பாடகர் மூச்சு வாங்குவது கேட்கிறது. இப்படியே போய், எட்டாவதாக: “வலப்பக்கம் டிரம்ஸின் சிம்பல் தட்டுகள் காதில் ஊசி குத்துவது போல் இருக்கின்றன. முழுக் கச்சேரியும் அப்படித்தான். மிக்ஸிங் செய்தவர் வலது காதில் பஞ்சு வைத்திருந்தாரா?”

அக்காவுக்குச் சுருக்கென்றது. முதல் ஏழு குறைகளும் தவறு என்று அவளுக்குத் தெரியும். பேஸ் கிட்டார் தாமதமாக வருவது பாட்டின் அமைப்பே. கைதட்டல் வெட்டப்படவில்லை, கூட்டம் அவ்வளவுதான் தட்டியது. எட்டாவதும் அந்த வகைதான் என்று முடிவு கட்டி, போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். கொஞ்ச நேரத்தில் திருப்பினாள்.

வாத்தியார் அதற்குள் பதில் போட்டிருந்தார். “எங்கள் அக்காவின் காதைக் குறை சொல்கிறவர்கள் முதலில் தங்கள் காதைக் கழுவிக்கொண்டு வரவும்.”

அவ்வளவுதான், பக்கம் இரண்டாகப் பிளந்தது. சிலர் தயங்கித் தயங்கி, “எனக்கும் அந்தப் பக்கம் கொஞ்சம் குத்துது, சத்தத்தைக் குறைச்சு வெச்சுத்தான் கேக்குறேன்” என்றார்கள். பலர் பாய்ந்து விழுந்தார்கள். “மேடைன்னா அப்படித்தான் குத்தும். மெத்தைல படுத்துக் கேக்கணும்னா தாலாட்டு கேளு.” ஒருவர் இன்னும் மேலே போய், அந்தக் கூர்மை வேண்டுமென்றே செய்யப்பட்டது என்று நிறுவினார்: மூன்றாவது பாட்டில் கதாநாயகன் மனசாட்சியோடு போராடுகிறான், வலப்பக்கத்து ஊசி அவன் மனசாட்சி, இதைப் புரிந்துகொள்ளக் காது போதாது, அறிவு வேண்டும். அதற்கு நூறு பேர் கைதட்டினார்கள். அக்காவுக்கு அந்தப் பாராட்டுதான் அதிகம் உறுத்தியது. அவள் எந்த மனசாட்சியையும் எந்தப் பக்கத்திலும் வைக்கவில்லை. இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்றுதான் வைத்தாள்.

யாரோ ஏழரையைக் கார்ட்டூனாக வரைந்தார்கள். காதிலிருந்து எட்டுப் பஞ்சுக் குச்சிகள் நீட்டிக்கொண்டிருந்தன. அதற்கு ஏழரை ஒரு பதில் எழுதினார். கோபமில்லாமல், கணக்கு ஒப்பிக்கும் மாணவனைப் போல எழுதியிருந்தார். “என் காதில்தான் கோளாறோ என்று எனக்கும் சந்தேகம் வந்தது. ஹெட்போனைத் திருப்பி மாட்டினேன். வலதை இடது காதில், இடதை வலது காதில். ஊசி இடது காதுக்கு வந்துவிட்டது. என் காதில் கோளாறென்றால் அது வலதிலேயே இருந்திருக்க வேண்டும். ஆகவே கோளாறு பதிவில்.”

வாத்தியார் அவரைப் பக்கத்திலிருந்தே நீக்கிவிட்டார்.

மறுநாள் சனிக்கிழமை. அக்கா துணி மடித்தாள், பாதியில் விட்டாள். செடிக்குக் குடத்துத் தண்ணீரை ஊற்றினாள். ஊற்றியதை மறந்து மறுபடி ஊற்றினாள். பின்னறைக்குப் போய் ஹெட்போனை எடுத்தாள். அந்த ஆளைப் பொய்யாக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் எண்ணம். மூன்றாவது பாட்டை ஓடவிட்டாள். சமமாகத்தான் இருந்தது. தராசு முள் மாதிரி நடுவில் நின்றது ஒலி. ‘பார்த்தியா’ என்று சொல்லிக்கொண்டே ஹெட்போனைத் திருப்பி மாட்டினாள்.

இடது காதில் யாரோ எவர்சில்வர் தட்டை உடைத்த மாதிரி இருந்தது. தோள் தானாகத் தூக்கிக்கொண்டது. வலது காதில் அதே சிம்பல்கள் கம்பளிக்கு அடியில் கிடப்பதுபோல் மங்கிக் கேட்டன. ஹெட்போனை இழுத்து எறிந்தாள். பிறகு எடுத்து நேராக மாட்டினாள். சமம். திருப்பினாள். ஊசி. நேராக. திருப்பி. எத்தனை முறை செய்தாள் என்று அவளுக்கே தெரியாது.

பிறகு வீடு முழுக்க நடந்தாள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இடது காதருகே தேய்த்தாள். மணல் சரிவதுபோல் ஒரு சத்தம். வலது காதருகே தேய்த்தாள். விரல் ஆடுவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. பாலித்தீன் பையைக் கசக்கினாள். சாவிக்கொத்தைக் குலுக்கினாள். ஒலிப்பதிவுக் கூடத்தில் ஏசி ஓயாமல் மெல்லிய விசில் அடிப்பதாக அவள் இரண்டு முறை மெக்கானிக்கை வரவழைத்திருந்தாள். “ஒரு சத்தமும் இல்லையே மேடம்” என்று அவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார். அந்த விசில் இப்போது, ஏசியே இல்லாத இந்த வீட்டில், வலது காதுக்குள் அடித்துக்கொண்டிருந்தது.

நடு அறையில் மாமனார் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவர் பக்கத்தில் போய் நின்றாள். இந்த மனிதரை அவள் எத்தனை முறை கடிந்திருக்கிறாள்! ‘கருவியை மாட்டுங்க மாமா, எங்க தொண்டை வத்திப்போகுது’ என்று.

“மாமா, என் வலது காது போச்சு,” என்றாள் சாதாரணக் குரலில். முதன்முதலாக அதை வாய்விட்டுச் சொன்னது அவரிடம்தான். அவருக்குக் கேட்காது என்ற தைரியம்.

மாமனார் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். “ஆமாம்மா, இன்னிக்கும் தண்ணி வரல. நான் அப்பவே சொன்னேன், தொட்டியை நிரப்பி வைங்கன்னு.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்ததும் அழுகை வந்தது. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்தாள். தண்ணீர் வராததால் அழுவது வெளியே கேட்டுவிடுமோ என்று பயந்து உடனே நிறுத்திக்கொண்டாள்.

கணவரிடம் சொல்லாமல், வேலையிலிருந்து பாதி நாள் விடுப்பு எடுத்துக் காது பரிசோதிக்கும் இடத்துக்குப் போனாள். சத்தம் புகாத சிறிய அறை. அவளுக்குப் பழக்கமான மாதிரியான அறைதான். ஆனால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. பரிசோதிக்கும் பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க” என்றாள். இடது காதுக்குத் தூக்கிய கை ஓயவே இல்லை. வலது காதுக்கு ஆரம்பத்தில் தூக்கினாள். பிறகு கை மடியிலேயே இருந்தது. அந்தப் பெண் பொத்தானை அழுத்துவது கண்ணுக்குத் தெரிந்தது. அழுத்தும்போதெல்லாம் கையைத் தூக்கிவிடலாமா என்று அக்காவுக்கு ஒரு சபலம் வந்தது. பள்ளிக்கூடத்தில்கூட அவள் காப்பி அடித்ததில்லை. கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

“கீழ்ச் சத்தமெல்லாம் நல்லா கேக்குது உங்களுக்கு,” என்றாள் அந்தப் பெண், வெளியே வந்தபின். “விசில் மாதிரி மெல்லிசா வர்ற மேல் சத்தம் வலது பக்கம் ரொம்பக் குறைஞ்சிருக்கு. கச்சேரி, ஸ்பீக்கர் பக்கத்துல நிறைய நின்னிருக்கீங்களா?”

“அதுதாங்க என் தொழில். மேடைக்கு எப்பவும் வலது பக்கத்தைக் காட்டித்தான் நிப்பேன்.”

“போனது திரும்பாது. இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம். சத்தமான இடத்துல காதடைப்பான் இல்லாம நிக்கவே கூடாது. மூணு மாசத்துக்கு ஒருமுறை வாங்க. எப்பலேர்ந்து இப்படி இருக்கும்னு நினைக்கிறீங்க?”

அக்காவுக்குப் பதில் தெரியவில்லை. அதுதான் அவளை மிகவும் அலைக்கழித்தது. கண் மங்கினால் எழுத்து மங்கும். இது எதையும் காட்டிக்கொடுக்காமல், அவள் கையை வைத்தே ஈடுகட்டி, அவளை ஏமாற்றியிருந்தது. அவளுக்குக் கேட்காததை அவள் விரல் கூட்டிக் கூட்டி வைத்திருக்கிறது. ஊர்பேர் தெரியாத யாரோ ஒருவர் காதில் அது குத்தியிருக்கிறது.

அன்று மாலை கணவர் ஒரு நாற்காலிக்கு உறை இழுத்துக்கொண்டிருந்தார். வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு, பக்கத்தில் வந்து நின்றவளிடம் ஏதோ கேட்டார்.

“எந்த ஊருக்கு?” என்றாள் அக்கா.

அவர் ஆணிகளைத் துப்பினார். “ஊருக்கு எங்க போறது? ஊசி எங்கன்னு கேட்டேன். நீ வர வர நான் ஒண்ணு கேட்டா வேற ஒண்ணு சொல்ற. அப்பா கூடவே இருந்து அவர் மாதிரியே ஆயிட்ட.”

தினமும் வீட்டில் புழங்கும் கேலிதான். ஆனால் அக்கா நாற்காலியின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். ஏழரை, ஹெட்போன், கண்ணாடி அறை, எல்லாம்.  அவர் எழுந்து அவளுடைய வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்கு வந்து உட்கார்ந்தார்.

“வலிக்குதா?” என்றார்.

“இல்லை.”

“அப்ப பரவாயில்லை. என் முதுகு பத்து வருஷமா வலிக்குது, நான் சோபா தைக்கலையா?”

“உங்க முதுகு சோபாவைக் கெடுக்காதுங்க. என் காது பாட்டைக் கெடுத்திருச்சு.”

அவர் பாதி இழுத்த உறையைத் தடவினார். “கெட்டதைப் பிரிச்சு மறுபடி தைக்க முடியாதா?” என்று கேட்டார். தன் தொழிலை வைத்துத்தான் கேட்டார். ஆனால் அக்கா அந்தக் கேள்வியோடுதான் மறுநாள் வாத்தியார் வீட்டுக்குப் போனாள்.

வாத்தியார் விடைத்தாள் கட்டுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். அவள் சொல்லச் சொல்ல அவர் முகம் முதலில் வெளுத்தது, பிறகு பிடிவாதமானது.

“அக்கா, விடுங்க. யாருக்கும் தெரிய வேண்டாம். எல்லாருக்கும் பிடிச்சுத்தானே இருக்கு? மனசாட்சின்னே ஒருத்தர் எழுதிட்டாரு.”

“அது மனசாட்சி இல்லை வாத்தியாரே. என் செவிடு.”

“அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க.”

“ஏன், எங்க மாமனாருக்குச் சொல்லலாம், எனக்குச் சொல்லக் கூடாதா?”

“இப்ப மாத்தினா நாமதான் முட்டாளாவோம். அந்த ஏழரை தலைல ஏறி உக்காருவான்.”

“அவர் சொன்னது சரிங்கறதுக்காகவே அவரைத் துரத்திட்டோம்.”

“ஏழு தப்பு சொன்னானே, அது?”

“ஏழு தப்பு சொன்னா எட்டாவது தப்பாயிடுமா? நீங்க கணக்கு வாத்தியார்தானே?”

வாத்தியார் சிவப்புப் பேனாவைத் திறந்தார், மூடினார். தான் ஒருவராகப் பதிவை மாற்ற முடியாது என்றும், குழுவில் எல்லோரும் பேச வேண்டும் என்றும், தேர்வு முடியட்டும் என்றும் சொன்னார். அக்கா எழுந்துவிட்டாள். தேர்வு முடியும்வரை அவளால் காத்திருக்க முடியாது. சாப்பிடும்போது அது நினைவு, லிஃப்ட் குரலைச் சீர்செய்யும்போது அது நினைவு. காதில் பஞ்சுக் குச்சியோடு அந்தக் கார்ட்டூன் அவள் முன்னால் வந்து நின்றுகொண்டே இருந்தது.

ரசிகர் பக்கத்தின் பழைய செய்திகளைத் தேடி ஏழரையின் எண்ணைக் கண்டுபிடித்து அழைத்தாள். பஸ் நிலையத்துக்கு எதிரிலிருந்த பேக்கரியில் சந்திப்பதாக ஏற்பாடு. தோல் பையும் மடக்குக் குடையுமாக வந்தவரைப் பார்த்ததும் அக்காவுக்கு ஆச்சரியமாக இருந்தது. காப்பீட்டு முகவர். முழுக்கைச் சட்டைக்குக் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார். உட்காருவதற்கு முன் மேசையைக் கைக்குட்டையால் துடைத்தார், நாற்காலியையும் துடைத்தார்.

“மேடம், திட்டறதுன்னா போன்லயே திட்டியிருக்கலாம். எனக்கு இப்ப ஒரு வாடிக்கையாளர் காத்திருக்காரு.”

“திட்ட வரலை சார். நீங்க சொன்ன எட்டாவது குறை சரி. என் வலது காதுல மேல் சத்தம் கேக்காது. நீங்க எழுதினதுக்கு அப்புறம்தான் எனக்கே தெரியும். பஞ்சு வெச்சிருக்காங்களான்னு கேட்டீங்களே, கிட்டத்தட்ட அதுதான்.”

 கேலியாக எழுதிய வரி இப்படித் தன் முன்னால் வந்து உட்காரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. குடையை மடிமேல் வைத்துக்கொண்டார். பிறகு கீழே வைத்தார்.

“ஐயோ மேடம். நான்... சும்மா எழுத்து அழகுக்காகப் போட்ட வரி அது.”

“நீங்க நல்லா இருக்கணும். எழுதாம விட்டிருந்தா இன்னும் எத்தனை பதிவைக் கெடுத்திருப்பேனோ. உங்களைப் பக்கத்துலேர்ந்து நீக்கினது தப்பு. நான் பேசிச் சேக்கச் சொல்றேன்.”

அவர் நெகிழ்ந்துபோய் இரண்டு டீ சொன்னார். டீ வருவதற்குள் நெகிழ்ச்சி தீர்ந்துவிட்டது.

“அப்ப மத்த ஏழு?” என்றார்.

“ஏழும் தப்பு சார்.”

“எப்படி? பேஸ் கிட்டார் தாமதமா வரலையா?”

“அது எழுதினதே அப்படித்தான். பதினொண்ணு எண்ணி முடிச்சு அரை விட்டு வரணும்.”

“அரை விட்டா?” அவர் முன்னால் சாய்ந்தார். மேசைமேல் விரலால் எண்ண ஆரம்பித்தார். மீண்டும் எண்ணினார். காத்திருந்த வாடிக்கையாளரை மறந்துவிட்டார். “அரையா! அது எப்படி என் காதுல விழாமப் போச்சு?” என்று கேட்டவர், கேட்ட மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டார். அக்கா சிரித்தாள். பல நாளுக்குப் பிறகு அழுகை தொடராத சிரிப்பு.

புது மிக்ஸிங்கை அவள் வாத்தியாரின் தேர்வு முடியக் காத்திராமல் ஆரம்பித்தாள். இடப்பக்கத்தை இடது காதிலேயே கேட்பாள். வலப்பக்கத்துக்கு ஹெட்போனைத் திருப்பி, அதையும் இடது காதிலேயே கேட்பாள். இரண்டையும் ஒரே காதில் எடை போட்டுச் சேர்ப்பது, ஒற்றைக் கையால் முடிச்சுப் போடுவது மாதிரி இருந்தது. ஒரு நிமிடப் பாட்டுக்கு ஒரு மாலை போய்விடும். நடுநடுவே எழுந்து முன்னறைக்குப் போவாள், திரும்புவாள், தண்ணீர் குடிப்பாள், மறுபடி எழுவாள். “உனக்கு நாற்காலில முள்ளு இருக்கா, நான் வேணா புதுசா உறை போட்டுத் தரட்டுமா?” என்று கணவர் கேட்டார். செய்ததைச் சரிதானா என்று நம்ப அவளிடம் வழி இல்லை. ஏழரையை வீட்டுக்கு வரச் சொன்னாள். அதைக் கேள்விப்பட்டு வாத்தியாரும் வந்துவிட்டார், தன் குழுவின் பாட்டை யாரோ ஒருவர் காதை நம்பி விடுவதா என்று.

பின்னறையில் இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்தார்கள். பாட்டு ஓடியது. ஏழரை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“குத்தலை,” என்றார் முடிவில். “ஆனா கீபோர்டு கொஞ்சம்...”

“கீபோர்டுக்கு என்ன?” என்று வாத்தியார் எழுந்தார்.

“ஒண்ணுமில்லை, கொஞ்சம் மெல்ல ஒலிக்குது.”

“அது மெல்லத்தான் ஒலிக்கணும்!”

“அப்ப சத்தமா ஒலிக்குது.”

கதவைத் திறந்து மாமனார் எட்டிப் பார்த்தார். “யாராவது தண்ணி வந்துருச்சான்னு பாத்தீங்களா?” என்றார். வாத்தியாருக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. ஏழரையிடம் மன்னிப்புக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. போகும்போது, “திங்கக்கிழமை பக்கத்துல சேத்துடறேன்” என்று மட்டும் சுவரைப் பார்த்துச் சொன்னார். சேர்த்தும்விட்டார்.

புதிய பதிவு வெளியானபோது அதனோடு அக்கா இரண்டே வரி எழுதினாள்: முதல் பதிவில் வலப்பக்கம் தவறாக அமைந்துவிட்டது, அந்தத் தவறு என் காதினுடையது, சுட்டிக்காட்டியவர் ஏழரை. வாத்தியார் ‘காது’ என்பதை எடுத்துவிடச் சொன்னார். அவள் எடுக்கவில்லை.

எல்லோரும் மகிழ்ந்தார்களா என்றால், அதுதான் இல்லை. பாதிப் பேர் புதியதைப் புகழ்ந்தார்கள். மீதிப் பேர் பழையதைத் திருப்பித் தரும்படி கேட்டார்கள். “புதுசு சோகையா இருக்கு. அந்த ஊசிதான் உயிர்.” மனசாட்சி எழுதியவர் மிகவும் மனம் நொந்து, கலைஞர்களுக்குத் தங்கள் படைப்பே புரிவதில்லை என்று எழுதினார். ஒரு பெண் மட்டும், தன் அப்பாவுக்கும் இதே குறைதான், அவர் தச்சர், ரம்பம் பிடித்தே போனது என்று எழுதி, அக்காவின் பரிசோதனை நடந்த இடத்தை விசாரித்தாள். அவளுக்கு அக்கா உடனே பதில் எழுதினாள். மற்றவற்றுக்கு எழுதவில்லை, ஆனால் படிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

வேலை செய்யும் இடத்தில் முதலாளியிடமும் சொன்னாள். “குரலுக்கு ஒரு காது போதும்மா, கவலைப்படாதே,” என்றார் அவர். ஆனால் அன்றிலிருந்து அவள் முடித்த வேலையை வெளியே அனுப்பும் முன் இன்னொருவர் ஒருமுறை கேட்டுப் பார்க்க ஆரம்பித்தார். அக்கா அதைக் கவனித்தாள்.  பாம்புக் காது என்ற பேச்சை மட்டும் முதலாளி அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

எட்டாம் மாடியின் அடுத்த கச்சேரிக்கு ஒலியைக் கட்டுப்படுத்தும் பலகையில் அவளுக்குப் பதில் வேறு ஒருவர் நின்றார். அவளே தேடிப் பிடித்துச் சொல்லிக்கொடுத்த ஆள்தான். முதன்முறையாக அவள் நுழைவுச்சீட்டோடு கூட்டத்தில் ஒருத்தியாக உட்கார்ந்தாள். இரு காதிலும் அடைப்பான். முதல் பாட்டு நன்றாக இருந்தது. இரண்டாவதில் பேஸ் கிட்டார் அரை விட்டு நுழைந்தபோது, முன்வரிசையில் ஒரு முழுக்கைச் சட்டை துள்ளியது தெரிந்தது. மூன்றாவதில் அவள் விரல்கள் இல்லாத பொத்தான்களைத் தேடின. நான்காவதில் எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

வெளி மண்டபத்தில் சீட்டுக் கிழிப்பவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் டிரம்ஸின் அடிச் சத்தம் மட்டும் தும் தும் என்று வந்தது. அக்கா சுவரோரமாக முன்னும் பின்னும் நடந்தாள்.

“என்னங்க, பிடிக்கலையா?” என்றார் சீட்டுக் கிழிப்பவர்.

“ரொம்பப் பிடிச்சிருக்கு. உக்காரத்தான் முடியல.”

“அப்ப நின்னு கேளுங்க. யாரு வேணாம்னா?”

அவள் இரண்டு கதவுகளையும் பார்த்தாள். வந்த கதவு வழியாகப் போனால் மேடை அவள் வலது காதுப் பக்கம் வரும். மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு மறுகோடிக் கதவுக்கு நடந்தாள். அதைத் திறந்ததும் பாட்டு மொத்தமாக மேலே விழுந்தது. இடது தோளை மேடைப் பக்கம் வைத்து, சுவரில் சாயாமல், நின்றுகொண்டே கேட்டாள்.